தொண்ணூற்றைந்து என்று எழுதிய இரண்டு நாள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, அதை முதலில் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் பீஸ் கணக்கும் டேமேஜ் கணக்கும் எழுதத்தான். ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் இன்னொன்றில் போய் நிற்பேன். இப்போது மறதியும் கூடிவிட்டது. காலையில் நடந்ததை மாலை என்று எழுதினாலும் எழுதியிருப்பேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் எழும்பாது. அதனால்தான் எழுதி வைக்கிறேன். யார் பெயரும் இதில் போடவில்லை.

கொரோனா இரண்டாவது தடவை வந்தபோது நடந்தது இது. ஒரு பனியன் கம்பெனியில் முப்பது வருஷத்துக்கு மேல் செக்கிங் பார்த்தேன். கண் மங்கிய பிறகு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். அனுப்பவில்லை. கம்பெனியின் பெண்கள் ஹாஸ்டலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். ராயபுரத்தில் இருந்த என் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அங்கேயே ஒரு கட்டில் போட்டுக்கொண்டேன். ஹாஸ்டல் திருமுருகன்பூண்டி தாண்டி, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. மற்ற நாளில் காலையிலிருந்து சாயங்காலம் வரை கல்லில் சிலை செதுக்குகிற உளிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஊரடங்கில் அதுவும் நின்றுவிட்டது. ஆம்புலன்ஸ் போகிற சத்தம்தான் ரோட்டுப் பக்கமிருந்து வரும்.

தெற்கத்திப் பிள்ளைகள் எல்லாம் எப்படியோ ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வண்டி கிடைக்காமல் தங்கிவிட்டவர்கள் இருபது பேர் இருக்கும். எல்லோரும் வடக்கிலிருந்து வந்தவர்கள். அவர்களில் இரண்டு பேரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ஒருத்தி அஸ்ஸாம் பெண். மஞ்சள் பூசிய மாதிரி நிறம். இன்னொருத்தி ஒடிசாவில் மலைப்பக்கத்துப் பெண். நல்ல கறுப்பு, என்னைவிடக் கறுப்பு. இரண்டு பேரும் ஒரே லைனில் துணி ஓரம் தைக்கிற ஓவர்லாக் டெய்லர்கள், ஒரே அறை, ஒரே பக்கெட்டில் துணி துவைப்பவர்கள். ஒருத்தி பேசுகிற பாஷை இன்னொருத்திக்குப் பாதிதான் புரியும். அது அவர்களுக்கு ஒரு குறையாகத் தெரிந்த மாதிரி இல்லை.

ஒடிசாப் பெண் என்னை மௌசி என்று கூப்பிடுவாள். அவர்கள் ஊரில் அம்மாவுடன் பிறந்தவளை அப்படிச் சொல்வார்களாம். அவளைப் பார்த்து மற்றப் பிள்ளைகளும் மௌசி என்றே கூப்பிடப் பழகிவிட்டார்கள்.

அவள் நிறத்தை வைத்துக் கேலி நடக்காத நாள் இல்லை. கம்பெனியில் கரண்ட் போனால், "சிரி புள்ள, நீ எங்க நிக்கறேன்னு தெரியட்டும்" என்பார்கள். தமிழ் தெரிந்தவர்கள் சொல்லிக் கொடுத்து ஹிந்திப் பிள்ளைகளும் அதையே சொல்வார்கள். அவள் அதற்கெல்லாம் அழுகிறவள் இல்லை. ஒருநாள் என்னைக் கைகாட்டி, "மௌசியும் கறுப்பு. மௌசி சிரிச்சா பல்லும் இல்ல. மௌசிய யாரு கண்டுபிடிப்பா?" என்றாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அவளுக்கு ஒரு வார்த்தை சொன்னால் ஒன்றரை வார்த்தை திரும்பி வரும். அதை எழுதக் காரணம் இருக்கிறது, அதனால் எழுதினேன்.

காய்ச்சல் பரவ ஆரம்பித்ததும் கம்பெனியின் ஹெச்.ஆர். சார் வந்து விரலில் மாட்டுகிற மெஷின் ஒன்றும், ஒரு நோட்டும் கொடுத்தார். சின்ன வயது, என்னைப் பெரியம்மா என்று மரியாதையாகத்தான் பேசுவார். காலையிலும் மாலையிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் விரலில் மாட்ட வேண்டும். ரத்தத்தில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று அது காட்டும். தொண்ணூற்று நாலுக்கோ அதற்குக் கீழேயோ போனால் அவருக்குப் போன் செய்ய வேண்டும், உடனே கார் வரும். அதற்கு மேலே இருந்தால் நோட்டில் எழுதிவிட்டு, வெந்நீரும் மாத்திரையும் கொடுத்து அறையிலேயே வைத்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் இடமே இல்லாத நேரம். யாரை முதலில் கொண்டுபோவது என்பதற்கு ஏதாவது ஒரு கணக்கு வேண்டுமல்லவா?

அவர் போகும்போது ஒன்று சொன்னார். "பெரியம்மா, நீங்க எதையும் யோசிக்க வேண்டாமுங்க. நம்பரப் பார்த்து எழுதுங்க. மத்தத நம்பர் சொல்லிரும்."

எனக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்ல முடியாது. செக்கிங்கிலும் அதுதானே வேலை. மெஷர்மென்ட் சார்ட் சுவரில் ஒட்டியிருக்கும், டேப் கழுத்தில் தொங்கும். கழுத்து அகலம் அரை இஞ்ச் கூடினால் பீஸைத் தள்ள வேண்டியதுதான். டெய்லர் வந்து சண்டை போட்டால், "நான் சொல்லலீங்க, டேப் சொல்லுது" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். முப்பது வருஷம் அப்படியே ஓட்டிவிட்டேன். என்னைப் போலக் கூச்சப்படுகிறவளுக்கு, தனக்குப் பதிலாகப் பேசுவதற்கு ஒரு எண் இருந்தால் அதைவிட வேறென்ன வேண்டும்.

அந்த இரண்டு பேருக்கும் இருமல் எப்போது ஆரம்பித்தது என்று எனக்குச் சரியாக நினைவில்லை. பனியன் கம்பெனியில் இருமாதவர்கள் யார்? பஞ்சுத் தூசி மூக்கில் ஏறி எல்லோரும் வருஷம் முழுக்க இருமுகிறவர்கள்தான். சுக்கு மல்லி காபி போட்டுக் கொடுத்தேன். காய்ச்சல் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் வந்தது, அது நன்றாக நினைவிருக்கிறது. அதைத்தான் முதல் நாள் என்று கணக்கு வைத்திருக்கிறேன்.

அன்றைக்குக் காலையில் அஸ்ஸாம் பெண்ணின் விரலில் மாட்டினேன். தொண்ணூற்றிரண்டு. இரண்டாவது தடவையும் அதேதான். ஒடிசாப் பெண்ணுக்குத் தொண்ணூற்றைந்து. ஹெச்.ஆர். சாருக்குப் போன் போட்டேன். அஸ்ஸாம் பெண்ணின் உதடு நீலமாக இருக்கிறதா என்று கேட்டார். வெளுத்து நீலம் பாய்ந்துதான் இருந்தது, தள்ளி நின்று பார்த்தாலே தெரிந்தது. சொன்னேன். இன்னொரு பெண்ணின் உதடு எப்படி என்று கேட்டார்.

"அவ உதடு எப்பவும் கத்திரிக்காய் நெறந்தானுங்க சார்" என்றேன்.

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பக்கத்தில் படுத்திருந்த அவளும், என்ன சொன்னேன் என்று புரியாமல், நான் சிரிப்பதைப் பார்த்துச் சிரித்தாள்.

அரை மணி நேரத்தில் கார் வந்து அஸ்ஸாம் பெண்ணை ஏற்றிக்கொண்டு போனது. ஒடிசாப் பெண் ஜன்னலில் நின்று பார்த்தாள். பார்த்துவிட்டுக் கட்டிலுக்கு வர அவளுக்கு நேரமானது. நான் நோட்டில் 95 என்று எழுதினேன். எனக்கு எண்கள் அழகாக எழுத வரும், அதில் மட்டும் எப்போதும் ஒரு பெருமை.

அன்று மாலை மறுபடியும் மாட்டினேன். தொண்ணூற்றைந்து. மெஷினைக் கழற்றும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மௌசி, மூச்சு பத்தல" என்றாள்.

நான் மெஷினை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன். "நம்பர் நல்லா இருக்குது கண்ணு. பயப்படாம தூங்கு" என்றேன்.

அவள் அந்தச் சிவப்பு எண்ணையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கையை விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு மூச்சைப் பற்றி என்னிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. கேட்டால், "நல்லா இருக்கு" என்பாள். தமிழில் அவள் முதலில் கற்றுக்கொண்டதே அந்த இரண்டு வார்த்தைதான். சூப்பர்வைசர் கேட்டாலும் அதுதான், சாப்பாடு எப்படி என்று கேட்டாலும் அதுதான். ஹெச்.ஆர். சார் ஏற்பாடு செய்த டாக்டர் போனில் தமிழில் கேட்டபோதும் அதையே சொன்னாள். ஆஸ்பத்திரிக்குப் போக அவளுக்குப் பயமும் இருந்தது. அங்கே அவள் பாஷை தெரிந்தவர்கள் யார் இருப்பார்கள்? செத்துப்போனால் ஊருக்கு அனுப்ப மாட்டார்களாம் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டதை அவளும் கேட்டிருந்தாள்.

இரண்டாம் நாள் காலையும் தொண்ணூற்றைந்துதான். ஆனால் அவள் படுக்கவில்லை. தலையணைகளையும் மடித்த பெட்ஷீட்டுகளையும் அடுக்கி, அதில் முன்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு டம்ளர் தண்ணீரை நாலு தடவை நிறுத்தி நிறுத்திக் குடித்தாள். தலை வாரிவிடட்டுமா என்றேன், தலையை ஆட்டினாள். வாரும்போது பார்த்தேன். மூச்சு இழுக்கும்போதெல்லாம் கழுத்தெலும்புக்கு மேலே இருக்கிற குழி உள்ளே போய் வந்தது. நான் ஒரு மூச்சு விடுவதற்குள் அவள் மூன்று மூச்சு விட்டாள். எண்ணிப் பார்த்தேன். எண்ணுவது எனக்குப் பழக்கம்.

மத்தியானம் அடுத்த அறைப் பிள்ளை ஒருத்தி கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, அவளைச் சிரிக்க வைக்கிறேன் என்று அந்தப் பழைய கேலியையே சொன்னாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். இவளிடமிருந்து பதிலே வரவில்லை. அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் நின்றுவிட்டு என்னைப் பார்த்தாள். "மௌசி, இவ ஏன் திட்டல?" என்று கேட்டாள்.

மெஷின் கெட்டுவிட்டதோ என்று பேட்டரி மாற்றிப் போட்டேன். என் விரலில் மாட்டினேன், தொண்ணூற்றேழு. அடுத்த அறைப் பிள்ளைக்குத் தொண்ணூற்றெட்டு. மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நகத்தில் பாலிஷ் இருந்தால் தப்பாகக் காட்டும் என்று ஹெச்.ஆர். சார் முன்பே சொல்லியிருந்தார். ஒடிசாப் பெண்ணுக்குப் பாலிஷும் இல்லை. மாலையில் மாட்டியபோது முதலில் தொண்ணூற்று நாலு, பிறகு தொண்ணூற்றைந்து, மறுபடி நாலு என்று ஆடியது. ஐந்தில் நிற்கும்வரை காத்திருந்து எழுதினேன். ஏன் காத்திருந்தேன் என்று இன்று வரைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். போன் போட்டால் அவர் கேள்வி கேட்பார், பதில் சொல்ல வேண்டும், அந்தப் பயம்தான் என்று நினைக்கிறேன். ஒரு பிள்ளை மூச்சுக்குத் திண்டாடும்போது, இன்னொருவரிடம் பேசுவதற்குக் கூச்சப்பட்டுக்கொண்டு இருந்தேன்.

மூன்றாம் நாள் விடிந்ததும் போய்ப் பார்த்தேன். அதே இடத்தில் அப்படியே சாய்ந்திருந்தாள். மெஷின் தொண்ணூற்றைந்து காட்டியது. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதாமல் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது எனக்குக் கறுப்புத் துணி ஞாபகம் வந்தது. செக்கிங் டேபிளில் தலைக்கு மேலே ட்யூப்லைட் எரியும். வெள்ளைத் துணியில் சின்ன எண்ணெய்ப் பொட்டு இருந்தாலும் அந்த வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்துவிடும். கறுப்புத் துணியில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை இருந்தாலும் தெரியாது. புதிதாக வருகிற பிள்ளைகள் அரைநாளில் ஒரு கட்டு கறுப்பு பீஸை நல்லது நல்லது என்று தள்ளிவிட்டுச் சந்தோஷமாக உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் பழைய ஆட்கள் கறுப்பு பீஸ் வந்தால் டேபிளை விட்டு எழுந்துவிடுவோம். வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் சாய்த்துப் பிடிப்போம், கையால் தடவிப் பார்ப்போம். கறை இல்லாததால் தெரியாமல் இருப்பது வேறு, வெளிச்சம் அதைக் காட்டாததால் தெரியாமல் இருப்பது வேறு.

விரல் மெஷினுக்குள்ளும் ஒரு சின்ன விளக்குதான் எரிகிறது. அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அது தப்பு என்று சொல்ல எனக்கு என்ன படிப்பு இருக்கிறது? ஆனால் என் கண்ணுக்கு முன்னால் இருப்பது நல்ல பீஸ் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நோட்டில் 89 என்று எழுதினேன். முப்பது வருஷத்தில் நான் எழுதிய முதல் பொய்க் கணக்கு அது. எழுதிவிட்டு ஹெச்.ஆர். சாருக்குப் போன் போட்டு, நோட்டில் இருந்ததைப் படித்துச் சொன்னேன்.

"நேத்து சாயங்காலம் தொண்ணூத்தஞ்சு, இப்ப எம்பத்தொம்பதுங்களா? பேட்டரி பார்த்தீங்களா பெரியம்மா?" என்றார்.

"மாத்திப் போட்டனுங்க சார்" என்றேன். அது பொய் இல்லை. ஆனாலும் காது வழியாக அவருக்கு என் முகம் தெரிந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கார் அனுப்புவதாகச் சொன்னார். கூட யாராவது போக வேண்டும் என்றார். நானே போகிறேன் என்றேன்.

காரில் அவள் என் தோளில் சாய்ந்திருந்தாள். எங்கே போகிறோம் என்று கேட்கவில்லை. கேட்கிற அளவுக்கு மூச்சு இல்லை என்பது இப்போது தெரிகிறது.

ஆஸ்பத்திரி வாசலில் பந்தல் போட்டு, ஒரு நர்ஸ் உட்கார்ந்து, வருகிறவர்களை அங்கேயே பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு முன்னால் பெரிய வரிசை. கூட வந்தவர்கள் எல்லோரும் சத்தமாகப் பேசினார்கள், போனில் யாரையோ கூப்பிட்டு நர்ஸிடம் கொடுத்தார்கள். எங்களுக்கு அப்படி ஆள் இல்லை. எங்கள் முறை வந்ததும் நர்ஸ் அவள் விரலில் இன்னொரு மெஷினை மாட்டினாள். தொண்ணூற்று நாலு.

நான் எழுதிய பொய் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்தான் உதவும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"நல்லாத்தான் இருக்குதுங்க. இங்க வெச்சா இல்லாத நோயும் ஒட்டிக்கும். ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போய் மாத்திரை குடுங்க" என்றாள் நர்ஸ். கோபமாகச் சொல்லவில்லை. அவளுக்கும் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டாள். பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லி முதுகில் தள்ளினார்கள்.

நான் நகர்ந்திருப்பேன். எந்த வரிசையில் யார் நகரச் சொன்னாலும் நகர்ந்தவள்தான் நான். ஆனால் என் தோளில் அவள் இருந்தாள். நான் நகர்ந்தால் அவளும் நகர வேண்டும், அது அவளால் முடியவில்லை. அதனால் நின்றுவிட்டேன். நின்றதால் பேச வேண்டியதாகிவிட்டது.

"கண்ணு," என்றேன் நர்ஸிடம். குரல் எழும்பவில்லை. இரண்டாம் தடவை கொஞ்சம் சத்தமாக வந்தது. "கண்ணு, அந்த மெஷினக் கழட்டாம, இவள நாலடி நடக்கச் சொல்லிப் பாரு. நடந்துட்டான்னா நான் கூட்டிட்டுப் போயிடறேன்."

நர்ஸ் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு எழுந்து வந்தாள். பந்தலின் கடைசிக் கம்பம் பத்தடி தூரம் இருக்கும். அதுவரை நடக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். அவள் நடந்தாள். நாலடி, ஐந்தடி. ஆறாவது அடியில் கம்பத்தைப் பிடிக்கக் கையை நீட்டி, எட்டாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நர்ஸ் குனிந்து மெஷினைப் பார்த்தாள். எண்பத்தாறு என்று சொன்னாளா, எண்பத்தைந்தா என்று எனக்கு இப்போது நினைவில்லை. அவள் சொல்லிக்கொண்டே ஓடினாள் என்பது நினைவிருக்கிறது.

உள்ளே கொண்டுபோன பிறகு ஒரு டாக்டர் அம்மா வந்தார்கள். முகத்தை முழுக்க மூடியிருந்ததால் வயது தெரியவில்லை, குரல் சின்னப் பெண்ணாக இருந்தது. அவர்கள் அவள் உதட்டை வெளியிலிருந்து பார்க்கவில்லை. கீழுதட்டை இழுத்து உள்பக்கம் பார்த்தார்கள், நாக்கை நீட்டச் சொன்னார்கள், கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்கள். அங்கெல்லாம் சாம்பல் பூத்திருந்தது. எனக்குத்தான் அப்படிப் பார்க்கத் தெரியவில்லை. மணிக்கட்டில் ஊசி போட்டு ரத்தம் எடுத்துப் பார்த்ததில், மெஷின் காட்டியதைவிட நிஜத்தில் ரொம்பக் குறைவாக இருந்தது என்றார்கள்.

எத்தனை நாளாக இப்படி இருக்கிறாள் என்று என்னைக் கேட்டார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நோட்டில் 89 என்று பொய் எழுதியதை அவர்களிடம் சொன்னேன். போலீஸில் சொல்லிவிடுவார்களோ என்று கூட நினைத்தேன். அவர்கள் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அந்த மெஷின் தோல் வழியாக வெளிச்சத்தை அனுப்பிக் கணக்குப் போடுகிறதாம். தோல் கறுப்பாக இருக்கிறவர்களில் சிலருக்கு அது இருப்பதைவிடக் கூட்டிக் காட்டிவிடுமாம். எல்லோருக்கும் அப்படி இல்லை, யாருக்கு அப்படி என்று முன்கூட்டித் தெரியவும் தெரியாதாம்.

"அதச் செஞ்சப்ப வெளுத்த தோலுள்ளவங்கள வச்சுத்தாம்மா அதிகமா சரிபார்த்திருக்காங்க" என்றார்கள். "நம்ம ஊர்ல எத்தன பேர் இந்த நெறம். நாங்களும் அந்த நம்பர வச்சுத்தான் பெட்டு குடுத்துக்கிட்டு இருக்கோம்."

சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். பந்தலில் இருந்த வரிசையை நினைத்தார்களோ என்னவோ.

அஸ்ஸாம் பெண் பத்துப் பன்னிரண்டு நாளில் ஹாஸ்டலுக்குத் திரும்பிவிட்டாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள், அவ்வளவுதான். வந்ததும் தோழியின் கட்டிலைப் பார்த்துவிட்டு, என்னிடம் எதுவும் கேட்காமல் அதன் பெட்ஷீட்டை எடுத்துத் துவைத்துப் போட்டாள். ஒடிசாப் பெண் வர அதற்கு மேல் ஒரு மாதம் ஆயிற்று. உயிரோடு வந்தாள். ஆனால் மாடிக்கு ஏற முடியவில்லை, கீழே என் கட்டிலுக்குப் பக்கத்தில் அவளுக்கு இடம் போட்டேன். நுரையீரலில் தழும்பு விழுந்துவிட்டது என்று டாக்டர் அம்மா சொன்னார்கள். இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். நிறுத்தியது எனக்குக் கேட்டது.

ஓவர்லாக் மெஷினில் எட்டு மணி நேரம் உட்கார அவளால் ஆகவில்லை. ரயில் ஓட ஆரம்பித்ததும் அவள் அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போனான்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். கம்பெனி பழையபடி ஓட ஆரம்பித்த பிறகு, ஹெச்.ஆர். சார் ஹாஸ்டல் பிள்ளைகளை எல்லாம் வரிசையாக உட்கார வைத்து ஒரு கூட்டம் போட்டார். உடம்புக்கு முடியாவிட்டால் மறைக்கக் கூடாது என்று சொன்னார். அதற்கு என் நோட்டைக் கையில் பிடித்துக் காட்டினார். ஒரு பெண்ணுக்கு இரண்டு நாள் தொண்ணூற்றைந்து இருந்திருக்கிறது, ஒன்றுமே சொல்லாமல் மறைத்து வைத்திருந்து மூன்றாம் நாள் திடீரென்று எண்பத்தொன்பதுக்கு விழுந்திருக்கிறாள், அவள் மறைத்ததால்தான் இப்படி ஆயிற்று என்றார். ஹிந்தியில் ஒருத்தர் அதை எடுத்துச் சொன்னார். பிள்ளைகள் தலையாட்டினார்கள். அஸ்ஸாம் பெண் மட்டும் திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து சொல்லியிருக்க வேண்டும். எழவில்லை. கூட்டம் கலைந்த பிறகு அவர் ரூமுக்குப் போய், அவள் மறைக்கவில்லை, என்னிடம் சொன்னாள், நான்தான் நம்பர் நல்லா இருக்குது என்று படுக்க வைத்தேன், மூன்றாம் நாள் எண்ணும் நானாகப் போட்டது என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அவர் நோட்டை மூடி மேஜை டிராயரில் வைத்தார்.

"விடுங்க பெரியம்மா. பொண்ணு உசுரோட இருக்குதல்லங்க. நோட்டுல இருக்கறது அப்படியே இருக்கட்டும்" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. நோட்டைத் திருத்தினால் ஆயிரம் கேள்வி வரும், பதில் சொல்லுகிறவர் அவர்தான். ஆனால் அந்த நோட்டைப் பார்த்துத்தான், அவள் ஊருக்குக் கிளம்பியபோது, நோய் எப்படி முற்றியது என்று கம்பெனியில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவள் ஊர் ஆஸ்பத்திரியில் அதைக் காட்டும்போதெல்லாம், முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று அவளைத்தான் கேட்கிறார்களாம். அவளுடைய அம்மாவும் அதையே கேட்கிறாளாம். போனில் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "நான் சொன்னேன் இல்ல மௌசி?" என்றாள்.

"சொன்ன சாமி. நீ சொன்ன" என்றேன்.

அவள் சொன்னாள். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

இதில் தப்பு இருக்கலாம். வைத்தியம் படித்தவர்கள் யாராவது, மெஷினைப் பற்றியும் தோலைப் பற்றியும் நான் எழுதியது சரிதானா என்று பார்த்துவிடுங்கள். டாக்டர் அம்மா சொன்னதை நான் அரைகுறையாக வாங்கியிருப்பேன். அவள் மூச்சு பத்தல என்று சொன்னது முதல் நாள் மாலையா, இரண்டாம் நாள் காலையா என்று சில நேரம் எனக்கே குழம்புகிறது. அதையும் யாராவது சரிபார்க்க வேண்டும். ஆனால் நோட்டைப் பார்த்துச் சரிபார்க்காதீர்கள், அது என் கையெழுத்து. அவளைக் கேளுங்கள். கேட்கும்போது கொஞ்சம் பொறுமையாக இருங்கள், ஒரு பேச்சை அவள் இரண்டு மூச்சில்தான் சொல்லி முடிப்பாள்.